ஈரக் கையும் பன்னிரண்டு வோல்ட் வெளிச்சமும்

குளியலறைக்கு 12 வோல்ட் விளக்குப் போடுவது என்றால், கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் குளியலறைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவது என்று பொருள். உள்ளே போகும் இரண்டு வயர்களுக்கும் வெளியே நிற்கும் 230 வோல்ட்டுக்கும் இடையே உலோகத் தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது. பாதுகாப்பைத் தருவது இந்தப் பிரிவுதான். பெட்டியில் அச்சடித்திருக்கும் ‘12’ என்ற எண் தானாக எதையும் தந்துவிடாது. கடையில் கிடைக்கும் எல்.ஈ.டி. பட்டை, தட்டை விளக்கு, விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டி என்று பலவற்றில் சிறிய எண்கள் அச்சாகியிருக்கின்றன. அவற்றுள் உண்மையாகவே பிரிக்கப்பட்ட மின்சாரம் தருபவை எவை என்று தெரிந்துகொள்வதே தெரிவின் பாதி வேலை.

உலர்ந்த தோல் மின்சாரத்துக்கு நல்ல தடை. உடல் நனைந்து, வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் நிற்கும்போது அந்தத் தடை கரைந்துபோகிறது. கையிலிருந்து கால் வரை உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே 230 மில்லிஆம்பியரைச் செலுத்தும். அரை மில்லிஆம்பியரிலேயே சுள்ளென்று உணர்வு வரும். 10 மில்லிஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 30 மில்லிஆம்பியருக்கு மேல் சற்று நேரம் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 12 வோல்ட் அதே உடலில் 12 மில்லிஆம்பியரைத்தான் செலுத்தும். உடல் நீரில் அமிழ்ந்து தடை 500 ஓமுக்கு இறங்கினாலும் 24 மில்லிஆம்பியர். குளியல் தொட்டிக்குள் இருக்கும் விளக்குக்குக்கூட விதிகள் 12 வோல்ட்டை ஏற்பதற்கும், அதற்கு மேல் ஏ.சி. மின்னழுத்தத்தை ஏற்காததற்கும் இந்தக் கணக்கே அடிப்படை. 12 வோல்ட்டில் ஒன்றுமே தெரியாது என்று எண்ணிவிடவும் கூடாது. தண்ணீருக்குள் அதையும் உணர முடியும்.

மாத்தளையின் குளியலறைகள்

மாத்தளை மாவட்டத்தில் குளியலறை என்ற ஒரே சொல் மிக வேறுபட்ட இடங்களைக் குறிக்கிறது. மாத்தளை நகரத்திலும் தம்புள்ளையிலும் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஐந்தடிக்கு ஏழடி அளவில், மாபிள் பதித்து, படுக்கையறையோடு ஒட்டிய அறை. சீகிரியாவைச் சுற்றி, விருந்தினருக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகளில் கண்ணாடிக்கு மேலும் சுவர்க் குழிகளிலும் அலங்கார விளக்கு. இரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத் தோட்டங்களிலோ லயத்துக்குப் பின்னால் நாலு பக்கம் சீமெந்துக் கல், மேலே தகரம், உள்ளே ஒரு வாளியும் குழாயும். பல குடும்பங்களுக்கு முன்பு பீலித் தண்ணீரே குளியலறையாக இருந்தது. இந்திய உதவியோடு மலையகத்தில் 7 பேர்ச் காணியில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 550 சதுர அடி வீடுகளில் குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. மற்ற இடங்களில் அது இன்னும் முற்றத்தைத் தாண்டித்தான் இருக்கிறது.

ஆபத்து கூடிய இடம் அந்தத் தகரக் கூரைக் குளியலறைதான். கூரை ஆறரை, ஏழு அடி உயரத்தில் இருக்கும். வீட்டிலிருந்து இரண்டு இழை வயர் ஒன்றை முற்றத்துக்கு மேலாக இழுத்து, கூரைக் கட்டையில் ஒரு ஹோல்டரைத் தொங்கவிட்டிருப்பார்கள். எர்த் வயர் இருக்காது. நின்றபடி கையைத் தூக்கினால் மின்குமிழ் கைக்கு எட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது சாரல் ஹோல்டர்வரை தெறிக்கும். வயரின் தோல் தகர விளிம்பில் உரசி உரிந்துவிட்டால், கூரையும் அதைத் தாங்கும் இரும்புக் குழாயும் சேர்ந்து மின்னேறும். மாபிள் பதித்த குளியலறைக்கு 12 வோல்ட் ஒரு வசதி என்றால், இந்தக் குளியலறைக்கு அது உயிர்க்காப்பு. செலவும் இங்கேதான் குறைவு. ஒரு சிறிய டிரைவர், ஐந்து வாட் விளக்கு, பதினைந்து மீற்றர் வயர், ஒரு பி.வி.சி. குழாய். அவ்வளவே.

எங்கே எது பொருந்தும்

மின் நிறுவல்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60364, குளியலறைகளுக்கென்று 701 என்ற தனிப் பகுதியை வைத்திருக்கிறது. இலங்கையில் பின்பற்றப்படும் பிரித்தானிய வயரிங் விதிகளும் (பி.எஸ். 7671) அதே எண்ணில் அதே முறையைச் சொல்கின்றன. அறை வலயங்களாகப் பிரிக்கப்படுகிறது. குளியல் தொட்டியின் உட்புறம் சுழிய வலயம். அதற்கு மேலே தரையிலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரை முதல் வலயம். அதன் பக்கவாட்டில் 60 சென்ரிமீற்றர் தூரம் இரண்டாம் வலயம். தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் இருந்தால், ஷவர் பொருத்திய இடத்திலிருந்து சுற்றிலும் 1.2 மீற்றர் தூரம் வரை முதல் வலயம். அங்கே இரண்டாம் வலயம் என்று ஒன்று இல்லை.

இந்த அளவுகளை ஐந்தடிக்கு ஏழடி அறையில் வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும். அறை 1.5 மீற்றருக்கு 2.1 மீற்றர். ஷவர் குறுகிய சுவரில் இருந்தால், அறையின் பாதிக்கு மேல் முதல் வலயத்துக்குள் போய்விடும். கண்ணாடியும் அநேகமாக அதன் ஓரத்தில்தான் நிற்கும். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீட்டிலும், கையில் பிடிக்கும் ஷவர் உள்ள வீட்டிலும் தண்ணீர் 1.2 மீற்றரோடு நின்றுவிடாது. அத்தகைய அறையை முழுவதுமே முதல் வலயமாகக் கொள்வதுதான் நேர்மையான கணக்கு.

சுழிய வலயத்தில் 12 வோல்ட் ஏ.சி. அல்லது 30 வோல்ட் டி.சி.க்கு மேற்படாத, பிரிக்கப்பட்ட மின்சாரம் மட்டுமே செல்லும். விளக்கு நீரில் மூழ்கினாலும் தாங்குவதாக இருக்க வேண்டும். முதல் வலயத்துக்கு விதி ஏற்கும் வழிகளில் ஒன்று, 25 வோல்ட் ஏ.சி. அல்லது 60 வோல்ட் டி.சி.க்கு உட்பட்ட பிரித்த மின்சுற்று. தெறிக்கும் நீரைத் தாங்கும் விளக்கு அங்கே கட்டாயம். 2.25 மீற்றருக்கு மேலே உள்ள உயரமான கொங்கிறீற் தட்டிலோ சீலிங்கிலோ 230 வோல்ட் விளக்கை முறைப்படி பொருத்தலாம். 30 மில்லிஆம்பியர் டிரிப் சுவிட்ச் அந்தச் சுற்றைக் காத்தால் போதும். ஆகவே எல்லா விளக்கையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டியதில்லை. கைக்கு எட்டும் விளக்கு, தண்ணீர் எட்டும் விளக்கு, தாழ்ந்த கூரையில் தொங்கும் விளக்கு ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டும். 12 வோல்ட், 230 வோல்ட் விளக்குகள் இரண்டையும் கலந்து வைப்பதில் தவறில்லை.

எர்த் கம்பியும் வறண்ட மண்ணும்

இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக எர்த் கம்பி மண்ணில் அடிக்கப்படுகிறது. மின்னொழுக்கு ஏற்பட்டால் அது அந்தக் கம்பி வழியே மண்ணுக்குள் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்போமருக்குத் திரும்ப வேண்டும். கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 50 ஓம் என்றால், முழு 230 வோல்ட்டும் அதில் விழுந்தாலும் 4.6 ஆம்பியர்தான் பாயும். சாதாரண பியூசோ 32 ஆம்பியர் பிரேக்கரோ இதைக் கவனிக்கவே கவனிக்காது. இதைக் கண்டுபிடிக்கக் கூடியது டிரிப் சுவிட்ச் ஒன்றுதான். போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் இடையில் 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது துண்டிக்கும். தரத்தின்படி, அந்த அளவில் 0.3 வினாடிக்குள்ளும், 150 மில்லிஆம்பியரில் 0.04 வினாடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும்.

மாத்தளை மாவட்டத்தில் இந்த எர்த் விடயம் இரண்டு விதமாக இருக்கிறது. நக்கிள்ஸ் மலைச்சாரலில் மண் ஆண்டின் பெரும்பகுதி ஈரமாக இருக்கும். எர்த் நன்றாக வேலை செய்யும். ஆனால் சுவரும் தரையும் அதே ஈரத்தில்தான் இருக்கும். கலேவெல, தம்புள்ளை, வில்கமுவ பக்கம் உலர் வலயம். ஆனி, ஆடி, ஆவணியில் மண் காய்ந்து இறுகும்போது எர்த்தின் தடை ஏறிவிடும். மழைக்காலத்தில் அளந்து ‘சரி’ என்று எழுதிய எர்த், வெயில் காலத்தில் அதே எர்த் அல்ல.

பிரிக்கப்பட்ட 12 வோல்ட் சுற்றின் பெரிய நன்மை இங்கேதான் தெரிகிறது. அது எர்த்தை நம்பி நிற்பதில்லை. மண் காய்ந்தாலும் டிரிப் சுவிட்ச் பழுதானாலும் குளியலறைக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் போகாது. நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு பிழை இந்த நன்மையைக் கெடுத்துவிடுகிறது. ‘எல்லாவற்றுக்கும் எர்த் கொடுக்க வேண்டும்’ என்று பழகிய வயரிங் பாஸ், 12 வோல்ட்டின் மைனஸ் வயரையும் எர்த்தில் சேர்த்துவிடுவார். அந்த வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் ஒழுக்கு வந்து, எர்த் கம்பியும் சரியில்லாமல், டிரிப் சுவிட்சும் வேலை செய்யாவிட்டால், வீட்டின் எர்த் வயர் முழுவதும் 230 வோல்ட்டை நெருங்கி நிற்கும். மைனஸ் வயர் வழியாக அந்த மின்னழுத்தம் குளியலறை விளக்கின் உலோக உடலுக்கு நேராக வந்து சேரும். பிரித்த மின்சுற்று எதோடும் சேராமல் தனியாக இருக்க வேண்டும். 12 வோல்ட் பக்கத்தின் பிளஸ், மைனஸ் இரண்டையுமே எர்த்தில் சேர்க்கக் கூடாது.

டிரைவர் பெட்டியைத் தெரிவுசெய்தல்

கடையில் கேட்டு வாங்க வேண்டியது விளக்கைவிட முதலில் அதற்கு மின்சாரம் தரும் பெட்டியை. அதன் மேல் எஸ், இ, எல், வி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து இருந்தால், வெளியே வரும் மின்சாரம் பாதுகாப்பான அளவில், 230 வோல்ட்டிலிருந்து பிரிக்கப்பட்டது என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்கிறார் என்று பொருள். பழைய இரும்பு டிரான்ஸ்போமர் என்றால் ஐ.இ.சி. 61558-2-6 என்ற எண்ணைத் தேட வேண்டும். சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால், அந்தப் பெட்டிக்கு இரட்டைக் காப்பு உண்டு, எர்த் வயர் தேவையில்லை. விளக்கின் மேல் சாய்சதுரத்துக்குள் மூன்று கோடுகள் இருந்தால், அந்த விளக்கு பிரித்த மிகக் குறைந்த மின்னழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டது.

ஏமாற்றம் அதிகம் நிகழ்வது தட்டையான எல்.ஈ.டி. பனல் விளக்குகளில். விளக்கும் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியும் தனித்தனியாக வந்து, நடுவில் மெல்லிய வயரால் இணையும். பார்த்தால் தொலைபேசி சார்ஜர் போலவே இருப்பதால், மெல்லிய வயரில் வருவது குறைந்த மின்னழுத்தம்தான் என்று எவரும் நம்புவார்கள். பெட்டியைத் திருப்பி, வெளியீடு என்ற வரியைப் படித்தால் ‘36–72 வோல்ட் டி.சி., 300 மில்லிஆம்பியர்’ என்பது போல ஒன்று இருக்கும். 300 மில்லிஆம்பியர் என்ற மின்னோட்டத்தை நிலையாக வைக்க, பெட்டி வோல்ட்டை ஏற்றி இறக்குகிறது. மலிவான பெட்டிகள் பலவற்றில் டிரான்ஸ்போமரே கிடையாது. உள்ளே வரும் 230 வோல்ட்டும் வெளியே போகும் இரண்டு வயர்களும் ஒரே மின்சுற்றின் பகுதிகள். அந்த மெல்லிய வயரை ஈரக் கையால் தொடுவது லைன் வயரைத் தொடுவதற்குச் சமமாகலாம். இப்படியான விளக்கு உயர்ந்த சீலிங்குக்குப் பொருந்தும். கைக்கு எட்டும் இடத்துக்குப் பொருந்தாது.

துளையிட்ட அலுமினியக் கூட்டுக்குள் வரும் பெரிய பெட்டி இன்னொரு வகை. பாதுகாப்புக் கமராவுக்கும் எல்.ஈ.டி. பட்டைக்கும் இதையே பரவலாகப் பாவிக்கிறார்கள். 12 வோல்ட்டைப் பிரித்துத் தரும் வகையே இது. ஆனால் 230 வோல்ட் வரும் திருகாணிகள் வெளியே திறந்து கிடக்கும். நீரிலிருந்து எந்தக் காப்பும் இல்லை. எர்த் கொடுக்காமல் விட்டால் உலோகக் கூட்டைத் தொடும்போது மெல்லச் சுள்ளிடும். இதைக் குளியலறைக்குள்ளோ, சாரல் படும் தாழ்வாரத்திலோ வைக்கவே கூடாது. வீட்டுக்குள், மூடிய பெட்டியொன்றில், காற்றோட்டம் விட்டு வைக்கலாம். வாங்குபவருக்குத் தெரிவு இருந்தால், முழுவதும் மூடிய பிளாஸ்ரிக் உடலுள்ள இரட்டைக் காப்பு டிரைவரே நல்லது.

எந்த வகையானாலும் டிரைவரின் இடம் குளியலறைக்கு வெளியே. தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஒளித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. நண்பகலில் தகரத்தின் கீழ் ஏறும் வெப்பம் டிரைவரின் ஆயுளைக் குறைக்கும். எலி வயரைக் கடிக்கும். பழுதானால் ஏணி வைக்காமல் பார்க்கவும் முடியாது. வீட்டின் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் வைப்பதே நல்லது. விளக்குக்குத் தேவைப்படும் வாட்டைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலான டிரைவரை வாங்கினால் அது சூடேறாமல் இருக்கும்.

விளக்கும் வயரும்

விளக்கின் நீர்க்காப்பை ஐ.பி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் இரண்டு எண்கள் சொல்கின்றன. முதல் எண் தூசுக்கும் பூச்சிக்கும், இரண்டாவது நீருக்கும். ஐ.பி. 20 என்றால் நீருக்குக் காப்பே இல்லை. 44 தெறிக்கும் நீரைத் தாங்கும். 65 பீச்சும் நீரைத் தாங்கும். 67 ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். மாத்தளைக் குளியலறைக்குக் குறைந்தது 44, சாரல் நேராகப் படும் இடத்துக்கு 65 என்று கொள்ளலாம். முதல் எண்ணை இங்கே அலட்சியம் செய்யக் கூடாது. எறும்பும் பல்லியும் நுழையும் விளக்கில் நீர் நுழைய அதிக காலம் எடுக்காது. வெட்டி ஒட்டும் எல்.ஈ.டி. பட்டையில் 65 என்று எழுதியிருந்தாலும், கத்தரியால் வெட்டிய நுனியில் அந்தக் காப்பு போய்விடும். வெட்டிய இடத்தை சிலிக்கன் பசையால் அடைத்தாக வேண்டும்.

வெளிச்சத்தின் அளவு பெரிய சிக்கல் அல்ல. நான்கு சதுர மீற்றர் அறைக்கு 8 முதல் 10 வாட் எல்.ஈ.டி. நல்ல வெளிச்சம் தரும். லயத்துக் குளியலறைக்கு 5 வாட் போதும். முதியவர்கள் இரவில் எழுந்து போகும் வீட்டில், தரையோரமாக ஒரு வாட் விளக்கு இரவு முழுவதும் எரியலாம். மாதத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது. ஈரத் தரையில் வழுக்கி விழுவதும் மின்சாரத்தின் அளவுக்கே உண்மையான ஆபத்துத்தான்.

12 வோல்ட்டின் பலவீனம் தூரம். அதே வாட்டுக்கு 230 வோல்ட்டைவிட ஏறத்தாழ பத்தொன்பது மடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால், மெல்லிய வயரில் வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 15 மீற்றர் தூரம் போய்த் திரும்ப அரை ஓமுக்குச் சற்று மேல் தடை. 5 வாட் விளக்கு 0.42 ஆம்பியர்தான் எடுப்பதால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும், கண்ணுக்குத் தெரியாது. அதே வயரில் 30 வாட் பட்டையை எரித்தால் 2.5 ஆம்பியர் பாய்ந்து 1.3 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. வெளிச்சம் மங்கும். அங்கே வயரைத் தடிப்பாக்க வேண்டும், அல்லது 24 வோல்ட் விளக்குக்குப் போக வேண்டும். மின்னோட்டம் கூடினால் வயர் சூடாகும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 12 வோல்ட்டால் ஆளுக்கு ஆபத்து குறைவு என்றாலும், பெரிய டிரைவரில் ஷோர்ட் ஆன வயர் பற்றி எரியக் கூடும். டிரைவருக்கு அடுத்து ஒரு சிறு பியூஸ் இருப்பது நல்லது.

12 வோல்ட் வயரை 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் இழுக்கக் கூடாது. உள்ளே தோல் உரிந்தால் இரண்டும் கலந்து, செய்த வேலை முழுவதும் வீணாகும். தனிக் குழாய் வேண்டும். இணைப்புகளைக் குளியலறைக்கு வெளியே வைப்பது நல்லது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் ஏறினால், டி.சி. மின்சாரத்தில் பிளஸ் பக்கச் செம்பு பச்சை பூத்து, சில மாதங்களில் அரித்துப் போகும்.

மின்வெட்டும் மின்கலமும்

12 வோல்ட் வெளிச்சம் இந்த மாவட்டத்துக்குப் புதியதல்ல. கம்பம் எட்டாத கிராமங்களுக்கு 1990களின் இறுதியிலிருந்து உலக வங்கி உதவியோடு பரவிய வீட்டுச் சூரிய மின்தொகுதிகள் 12 வோல்ட்டிலேயே இயங்கின. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அவற்றைப் பொருத்தின. அந்தக் காலத்து 12 வோல்ட் மின்குமிழ்கள் சில, சாதாரண 230 வோல்ட் மின்குமிழின் அதே அடிப்பாகத்தோடு வந்தவை. அவற்றை இப்போது 230 வோல்ட் இணைப்பிலுள்ள ஹோல்டரில் மாட்டினால் வெடிக்கும். 12 வோல்ட் சுற்றுக்கு 230 வோல்ட் ஹோல்டரையே பாவிக்காமல் விடுவது இந்தக் குழப்பத்தை அடியோடு தீர்க்கும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, குளியலறையில் மெழுகுதிரியோடு நின்ற அனுபவம் பலருக்கு உண்டு. 12 வோல்ட் சுற்றோடு ஒரு 7 ஆம்பியர்-மணி மின்கலத்தைச் சேர்த்தால், அதில் பாதியைச் செலவழித்தே 5 வாட் விளக்கை எட்டு மணி நேரம் எரிக்கலாம். இரண்டு விடயங்கள் கவனிக்கத் தக்கவை. மின்கலத்தை ஏற்றும் சார்ஜரும் பிரிக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 230 வோல்ட் பின்வாசலால் நுழையும். ஏறும்போது மின்கலம் 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், சரியாக 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த எல்.ஈ.டி. பட்டை சூடேறி விரைவில் கருகும். வாகனங்களுக்கு உரிய, 10 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்குகள் இதற்குப் பொருந்தும்.

ஷவரோடு சேர்ந்த உடனடி நீர்சூடாக்கி உள்ள வீட்டில் விளக்கை மட்டும் மாற்றி நிம்மதியடைய முடியாது. மலைப்பக்கக் குளிருக்கு அது தேவை. அது 230 வோல்ட்டிலேயே இயங்கும். அதற்குத் தடித்த தனி வயரும், நல்ல எர்த்தும், டிரிப் சுவிட்சும் வேண்டும்.

வேலை முடிந்ததும்

இந்த வேலையை என்.வி.கியூ. தகைமை பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே முறை. 230 வோல்ட் பக்கத்தை அவர்தான் தொட வேண்டும். முடித்தபின் அவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டியவை சில உண்டு. டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். அதை அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்காரரே அழுத்திப் பார்க்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மல்டிமீற்றரால் 12 வோல்ட் வயர்கள் இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இல்லை என்று காட்டச் சொல்ல வேண்டும். மின்சாரம் வந்தபின் 12 வோல்ட் வயரின் நுனியில் டெஸ்டரை வைத்தால் அது ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் 230 வோல்ட் எங்கோ உள்ளே வந்துவிட்டது என்று கொண்டு, அந்தச் சுற்றை அணைத்துவிட்டு டிரைவரிலிருந்து மீண்டும் பார்க்க வேண்டும். ஒளிராததை மட்டும் வைத்து எல்லாம் சரி என்று முடிவுசெய்யவும் முடியாது. மல்டிமீற்றர் சொல்வதே கணக்கு.